செய்தியோடையும் செய்தித்தாள் வாசகரும்

செய்தி அறியும் வேட்கை மக்களுக்கு இயல்பாய் அமைந்தது. அவ்வேட்கையை நிறைவு செய்யும் வாயில்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. ஆயினும் ஒரு வினா மட்டும் எக்காலத்தும் மாறாது நிற்கின்றது. நாம் எதனை வாசிப்பது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? நாமா, பிறரா? இணையத்தில் வெளிவரும் செய்தித்தாள்களைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு வாசகரே விடை கூறத்தக்க வண்ணம் உதவும் எளிய கருவி ஒன்று உண்டு. 'செய்தியோடை' எனத் தமிழில் வழங்கப்படும் அக்கருவியின் இயல்பு யாது, பயன் யாது, அதன் எல்லை யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

யாழ்ப்பாணம் பத்திரிகை வாசிப்பில் நீண்ட மரபுடையது. 1841ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமாரின் முயற்சியால் 'உதயதாரகை' தோன்றியது. 1889ஆம் ஆண்டில் சைவ பரிபாலன சபையார் 'இந்து சாதனம்' என்னும் இதழை வெளியிட்டனர். 1930இல் 'ஈழகேசரி'யும், 1959இல் 'ஈழநாடு' பத்திரிகையும், 1985இல் 'உதயன்' நாளிதழும் இம்மண்ணில் எழுந்தன. கொழும்பிலிருந்து 1930 முதல் 'வீரகேசரி'யும் 1932 முதல் 'தினகரன்' பத்திரிகையும் வரலாயின. இவற்றை விலைகொடுத்து வாங்க இயலாதாரும் வாசித்தற்கு இடமளித்தவை ஊர்தோறும் அமைந்த வாசிகசாலைகளாம். வாசிகசாலை மேசையின் சிறப்பு யாதெனின், பல பத்திரிகைகள் ஆங்கே ஒருங்கு கிடத்தலேயாகும். எதனை முதலில் எடுப்பது, எப்பக்கத்தை விடுப்பது என்பன வாசகனின் விருப்பத்துக்கு உரியன. மேசை எவரையும் வற்புறுத்துவதில்லை.

இற்றைநாளில் அம்மேசையின் இடத்தைக் கையடக்கத் தொலைபேசி பெரிதும் கைப்பற்றிக்கொண்டது. ஏறத்தாழ எல்லா நாளிதழ்களும் தத்தமக்கு வலைத்தளம் அமைத்துள்ளன. ஆயின் வாசகனுக்கு இருவகை இடர்ப்பாடு உண்டு. பத்துத் தளங்களையும் நாள்தோறும் பலமுறை திறந்து பார்த்தல் காலத்தையும் பணத்தையும் விழுங்கும் என்பது ஒன்று. அதற்கு அஞ்சி முகநூலையோ வட்ஸ்அப் குழுக்களையோ நம்பியிருப்பின், அங்கு வந்து சேர்வன பிறர் தெரிவு செய்தனவே என்பது மற்றொன்று. முகநூலில் எச்செய்தி முன்னே தோன்ற வேண்டும் என்பதை அந்நிறுவனத்தின் கணிப்பு நிரல் முடிவு செய்கின்றது. சினத்தையும் வியப்பையும் கிளறுவன முன்னே வருகின்றன. பயனுடையன பல பின்னே மறைகின்றன.

செய்தியோடை இவ்விரு இடர்ப்பாட்டையும் நீக்கும் வழியாம். அதனை விளங்கிக்கொள்ளுதற்குச் சந்தா முறையை நினைவு கூர்தல் நலம். கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகளின் வழிகாட்டலில் 1935ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'சிவதொண்டன்' இதழை எண்ணுக. அதற்குச் சந்தா செலுத்தியவர், இதழ் வந்துவிட்டதா என வினவி நாள்தோறும் அச்சகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. வெளிவந்தவுடன் அது வீடு வந்து சேரும். செய்தியோடையும் அத்தகைய சந்தாவே. எனினும் வேறுபாடு இரண்டு உள. இதற்குப் பெரும்பாலும் பணம் செலுத்த வேண்டியதில்லை. சந்தாதாரர் பட்டியலில் பெயர் பதிய வேண்டியதும் இல்லை.

இனி, அது தொழிற்படும் முறையைக் காண்பாம். பத்திரிகையின் வலைத்தளத்தில், மனிதர் வாசிக்கும் பக்கங்களோடு, கணினி வாசித்தற்கென எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்ட சிறு கோப்பு ஒன்றும் வைக்கப்படும். அதன் தலைப்பகுதியில் பத்திரிகையின் பெயரும் முகவரியும் இருக்கும். அதன் கீழ், அண்மையில் வெளியான செய்திகள் வரிசையாக அமையும். ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பு, முழுச்செய்தி உள்ள பக்கத்தின் இணைப்பு, சுருக்கம், வெளியான நாளும் நேரமும், தனி அடையாளக் குறி ஆகியன தரப்படும். நேரம் குறிக்கையில் இலங்கை நேரத்துக்கு +0530 என்னும் குறிப்பும் சேர்க்கப்படுமாதலின், ரொறன்ரோவில் உள்ள வாசகருக்கும் அச்செய்தி எப்போது வெளியாயிற்று என்பது பிழையின்றித் தெரியும். அடையாளக் குறி இருத்தலால் ஒரே செய்தி இருமுறை தோன்றுவது தவிர்க்கப்படும்.

வாசகர் தம் கணினியிலோ தொலைபேசியிலோ 'ஓடை வாசிப்பான்' எனப்படும் செயலியை நிறுவி, விரும்பிய பத்திரிகைகளின் ஓடை முகவரிகளை அதனிடம் கொடுத்துவிடுவார். அச்செயலி குறித்த இடைவேளைதோறும் ஒவ்வொரு தளத்துக்கும் சென்று 'புதியது உண்டோ?' என வினவும். இல்லையெனின், 'மாற்றம் இல்லை' என்னும் பொருளுடைய 304 என்ற எண்ணை மட்டும் வழங்கி திருப்பி அனுப்பும். உண்டெனின் புதிய கோப்பைப் பெற்று, பல பத்திரிகைகளின் தலைப்புக்களையும் நேர வரிசையில் ஒரே பட்டியலாகக் காட்டும். ஆகவே ஓடை தானே பாய்ந்து வருவதன்று; நம் ஏவலாள் சென்று முகந்து வருவது என்பதே பொருந்தும். ஏவலாளை நிறுத்தும் அதிகாரம் முற்றிலும் நம்முடையது. சந்தாவை விட விரும்பினால் பத்திரிகைக்கு ஓர் எழுத்தும் எழுத வேண்டியதில்லை. நம் பட்டியலிலிருந்து அம்முகவரியை நீக்கின் போதும்.

இம்முறை 1999ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. அதனை ஆக்கியோருள் ஒருவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ராமநாதன் குகா என்பவர். மற்றொருவர் டான் லிபி. பின்னர் டேவ் வைனர் முதலியோர் அதனை வளர்த்தனர். 2002ஆம் ஆண்டில் ஆர்.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. அவ்வாண்டிலேயே 'நியூயோர்க் ரைம்ஸ்' தன் செய்திகளை ஓடைகளாக வழங்கத் தொடங்கியமை பிற பத்திரிகைகளுக்கும் முன்மாதிரியாயிற்று. 2005ஆம் ஆண்டு இறுதியில் 'அற்றம்' என்னும் மற்றொரு வடிவம் இணையப் பொதுநியமமாக ஏற்கப்பட்டது. இவ்வடிவங்கள் எந்த ஒரு நிறுவனத்தின் தனியுடைமையும் அல்ல என்பது கருதத்தக்கது.

தமிழுக்கு இம்முறை பயன்படுதற்கு ஒரு தடை முன்னே நின்றது. அக்காலத்தில் தமிழ்த் தளங்கள் வெவ்வேறு எழுத்துருக்களைக் கையாண்டன. ஈழத்தவரிடையே பாமினி எழுத்துரு பெருவழக்காயிருந்தது. ஒவ்வொரு தளத்தையும் அதற்குரிய எழுத்துருவோடு தனித்தனியே திறப்பதாயின் இடரில்லை. பல தளத்துச் செய்திகளையும் ஒரே பட்டியலில் இடும்போதோ, ஒன்று தமிழாகவும் மற்றொன்று பொருளற்ற குறிகளாகவும் தோன்றும். யூனிகோட் எனப்படும் ஒருங்குறி பரவிய பின்னரே அத்தடை நீங்கிற்று. 2004ஆம் ஆண்டில் காசி ஆறுமுகம் தொடங்கிய 'தமிழ்மணம்' என்னும் திரட்டி, தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் எழுதுவோரின் ஆக்கங்களை ஓடைகள் வழியே ஒரு பக்கத்தில் திரட்டிக் காட்டியது. சிதறி வாழும் ஓர் இனத்தவர் ஒரே மேசையைச் சுற்றி அமர்தல் கூடும் என்பதற்கு அது சான்றாயிற்று.

இக்கருவியின் பயன்களுள் முதலாவது சிக்கனம். செய்தித்தளமொன்றின் முகப்புப் பக்கம் படங்களும் விளம்பரங்களும் நிறைந்து பெரும்பாலும் பல மெகாபைற்று அளவினதாய் இருக்கும். ஓடைக் கோப்போ பெரும்பாலும் எழுத்துக்களால் ஆனமையின் மிகச் சிறிது. தரவுக்குப் பணம் செலுத்தும் மாணவர்க்கு இஃது அற்பமான நன்மையன்று. தலைப்பைக் கண்டு, வேண்டியதை மட்டும் திறந்து வாசிக்கலாம்.

இரண்டாவது பயன் ஒப்புநோக்கல். பாக்கு நீரிணையில் தமிழக மீனவர் இலங்கைக் கடற்படையினரால் கைது செய்யப்படும் செய்தியை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பத்திரிகை அதனை இராமேசுவரத்துக் குடும்பங்களின் துயரமாகக் கண்டு எழுதக்கூடும். யாழ்ப்பாணப் பத்திரிகை, இழுவைப் படகுகளால் வலையிழந்த வடபுலத்து மீனவரின் முறைப்பாட்டை முன்வைக்கக்கூடும். கொழும்புப் பத்திரிகை, 2017ஆம் ஆண்டில் இலங்கையில் இழுவைமடித் தொழில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டதைச் சுட்டக்கூடும். மூன்றும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்துத் தோன்றும்போது, ஒரு நிகழ்ச்சி எத்துணைக் கோணங்களில் நோக்கப்படுகின்றது என்பதை மாணவன் கண்கூடாகக் காண்பான். ஒன்றை மட்டும் வாசித்தவன் கட்சி சேர்வான். மூன்றையும் வாசித்தவன் சிந்திக்கத் தொடங்குவான். குடியியலும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் சிறந்த பாடத்துணை அரிது.

மூன்றாவது பயனே யாவற்றுள்ளும் தலையாயது. அஃது இடைத்தரகரைச் சாராமை. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தில் கலவரம் மூண்டபோது அரசாங்கம் முகநூல், வட்ஸ்அப் முதலிய சமூக ஊடகங்களைத் தடைசெய்தது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தபோதும், 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆந் திகதியும் அவ்வாறே தடை வந்தது. செய்தி மிகவும் வேண்டப்பட்ட அந்நாட்களிலேயே, சமூக ஊடகங்களை மட்டும் நம்பியிருந்தோர் செய்தியின் வாயிலை இழந்தனர். அத்தடைகளின் இலக்கு சமூக ஊடகங்களாயிருந்தமையின், பத்திரிகைத் தளங்களிலிருந்து நேரே பெறப்படும் ஓடைகளுக்கு அவை ஊறு செய்வனவல்ல. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அச்சுத்தாள் தட்டுப்பாட்டினால் 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய பத்திரிகைகள் இணையத்தில் மட்டுமே கிடைக்கும் என அவற்றின் வெளியீட்டாளர் அறிவித்ததையும் நினைவிற் கொள்க. தாள் அற்றுப்போம் நாளும் உண்டு, சமூக ஊடகம் அற்றுப்போம் நாளும் உண்டு என்பதை அவ்வோராண்டே நமக்குக் காட்டிற்று.

இத்துணைப் பயனுடையதாயின் செய்தியோடை ஏன் அருகிற்று என வினவுவாரும் உளர். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய கூகிளின் ஓடை வாசிப்பான் பலராலும் விரும்பப்பெற்றது. அதனை அந்நிறுவனம் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1ஆந் திகதி மூடிவிட்டது. அதன்பின் வாசகர் பலர் சமூக ஊடகங்களை நாடினர். பத்திரிகையாளர்க்கும் ஒரு நியாயமான கவலை உண்டு. ஓடையில் முழுச்செய்தியும் கிடைப்பின், தளத்துக்கு வருவார் குறைவர். விளம்பர வருவாயும் குறையும். இதற்குத் தீர்வாகப் பல பத்திரிகைகள் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் ஓடையில் இடுகின்றன. அது பொருத்தமே. தலைப்பால் ஈர்க்கப்பட்டவர் தளத்துக்கே வந்து முழுமையும் வாசிப்பார். இடையே நின்று வருவாயைப் பங்கிடுவார் எவரும் இலர்.

கூகிளின் வாசிப்பான் மறைந்ததனால் ஓடை மறைந்துவிடவில்லை. பி.பி.சி. தமிழ், 'த இந்து' முதலியன இன்றும் ஓடைகளை வழங்குகின்றன. பொட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடர்கள் நேயரைச் சென்றடைவதும் இதே முறையாலேயாம். வேர்ட்பிரஸ் மென்பொருளால் அமைந்த தளங்கள் யாவற்றிலும் ஓடை தானாகவே உண்டாகின்றது. தளத்தின் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் சேர்த்துத் தேடின், மறித்து வைக்கப்படாதவிடத்து, ஓடை வெளிப்படும். தம் தளத்தில் ஓடை இருப்பதை அறியாத பத்திரிகையாளரும் இருத்தல் கூடும். தண்டர்பேட், ஃபீட்லி போன்ற மென்பொருள்களுள் ஒன்றைத் தெரிந்து, ஐந்தாறு பத்திரிகைகளோடு தொடங்குதல் புதியவர்க்கு ஏற்றது. ஐம்பது ஓடைகளை ஒருங்கே சேர்த்தவர், வாசியாத தலைப்புக்கள் ஆயிரமாய்க் குவிதலைக் கண்டு மலைத்துக் கைவிடுவர்.

செய்தியோடையின் எல்லையையும் கூறாது விடுதல் முறையன்று. ஓடை செய்தியைக் கொணருமேயன்றி அதன் மெய்ம்மையை ஆராயாது. பொய்யுரைக்கும் தளத்தின் ஓடை பொய்யையே விரைந்து கொணரும். பத்திரிகைத் தளமே தடுக்கப்படின், அங்கிருந்து நேரே முகக்கும் வழியும் அடைபடும். 2007ஆம் ஆண்டில் 'தமிழ்நெற்' தளம் இலங்கையில் தடுக்கப்பட்டமை இதற்குச் சான்று. மேலும், பிறர் நடத்தும் இணைய வாசிப்பானைக் கையாளுமிடத்து, நாம் எவற்றை வாசிக்கின்றோம் என்பதை அந்நிறுவனம் அறியும். தம் கணினியிலேயே இயங்கும் வாசிப்பானைக் கொள்வோர்க்கு அவ்வச்சம் குறைவு.

கல்விக்கூடங்களுக்கு இதில் ஒரு கடமை உண்டு. கல்லூரிகள் தம் அறிவித்தல்களை முகநூலில் மட்டும் இடாது, தம் தளத்தில் ஓடையோடு வெளியிடல் வேண்டும். பரீட்சை அறிவித்தலும் புலமைப்பரிசில் விளம்பரமும் பழைய மாணவர் சங்கக் கூட்டமும் உரியவரைத் தவறாது சென்றடைதற்கு அது துணையாகும். நூலகக் கணினியொன்றில் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளின் ஓடைகளைச் சேர்த்து வைப்பின், ஒரு மாணவன் பாடசாலை இடைவேளைக்குள் நாட்டின் நாட்குறிப்பை நோக்கிவிடலாம். நம் பத்திரிகைகள் ஓடையை நிறுத்தாது பேணுதற்கு, அதனைப் பயன்படுத்தும் வாசகர் இருத்தல் வேண்டும். இல்லாத வாசகருக்காக எவரும் ஓடை வெட்டார். ஆகவே ஆசிரியரும் மாணவரும் இன்றே ஒரு பட்டியலை அமைத்து, அதில் தாம் உடன்படாத பத்திரிகை ஒன்றையேனும் சேர்த்துக்கொள்வாராக. வாசிகசாலை மேசையில் நம் முன்னோர்க்கு வாய்த்த தெரிவுரிமை அவ்வாற்றால் நம் கைக்கும் வந்து சேரும்.