ஆட்டுப் பரண் அமைக்க ஏற்ற பருவம் எது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஆடு மேய்ந்த நிலங்கள் பலவற்றில் இன்று ஆலைகள் நிற்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலும் 2010இல் ஒரகடத்திலும் கார் உற்பத்தி தொடங்கியது. மேய்ச்சல் சுருங்கிவிட்டதால், புறக்கடையில் பரண் போட்டு, தழையை வெட்டி வந்து தீனி கொடுத்து ஆடு வளர்ப்போர் பெருகி வருகின்றனர். பரணை எப்படிப் போடுவது என்று கேட்கும் விவசாயப் பெருமக்கள், எப்போது போடுவது என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

மரத்தின் குணம்

மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் குறுகும். பச்சை மரமானால் நாலு அங்குல அகலச் சட்டம், காயும்போது கால் அங்குலம் வரை குறுகக்கூடும். கார்த்திகை மழையில் ஊறிய சட்டங்களை அடித்தால் சித்திரையில் இடைவெளி அகலும். குட்டியின் கால் அதில் சிக்கி முறியும். கத்திரி வெயிலில் நெருக்கி அடித்தால் ஐப்பசியில் இடைவெளி அடைபடும். புழுக்கை கீழே விழாது. ஈரத் தளத்தில் நிற்கும் ஆட்டுக்குக் குளம்பு அழுகலும் குடற்புழுவும் வரும்.

ஏற்ற காலம்

மாசி, பங்குனி மாதங்களே இதற்கு ஏற்றவை. மண் குழி தோண்டும் பதத்தில் இருக்கும். குழியில் நீர் ஊறாது. சிமெண்டுக் கலவை அளவுக்கு மீறி விரைந்து காயாது. சம்பா அறுவடை முடிந்து, நவரை அறுவடை தொடங்குமுன் ஆள் கிடைப்பதும் எளிது. மரத்தைத் தை மாதமே வாங்கி, நிழலில், சட்டங்களுக்கிடையே குச்சி வைத்து அடுக்கிக் காய விடுதல் வேண்டும்.

மரம் வாங்கும்போது

ஆலைகளில் கழிக்கப்படும் பேலட் மரம் இப்பகுதியில் விலைக்குக் கிடைக்கிறது. வெளிநாட்டுச் சரக்குடன் வந்த பேலட்டுகளில் முத்திரை இருக்கும். ‘எச்.டி.’ என்ற ஆங்கில எழுத்துக்கள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு நச்சுப்புகை இட்டது, அதைத் தவிர்க்கவும். எண்ணெய், ரசாயனக் கறை படிந்ததையும் வாங்க வேண்டாம். பேலட் மரம் தளத்துக்கு மட்டுமே. கால்களுக்குக் கல்தூணே நல்லது. பழைய ஆணிகளை மிச்சமின்றிப் பிடுங்கவும். கழிவு ஆயில் பூச வேண்டாம், ஆடு நக்கும்.

அளவுகள்

வளர்ந்த ஆடு ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி தேவை. பத்து ஆட்டுக்கு 12 அடி நீளம், 10 அடி அகலம் போதும். நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையட்டும். சட்டங்களுக்கிடையே அரை முதல் முக்கால் அங்குலம் விடவும். இளங்குட்டிகளுக்குத் தனி அறை ஒதுக்கி, இடைவெளியை அரை அங்குலத்துக்குள் வைத்து, மேலே சாக்கு விரிக்கவும். தூண்களை இரண்டடி ஆழம் ஊன்றி, கலவைக்கு ஏழு நாளாவது நீர் விடுக.

தளத்தின் உயரம் நாலடி இருந்தால் அடியில் புழுக்கை வார எளிது. ஆனால் தாழ்வான இடமானால் அது மட்டும் போதாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், செம்பரம்பாக்கம் ஏரி நீர் அடையாற்றில் பெருகியதையும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று உங்கள் புறக்கடையில் நீர் நின்ற மட்டத்தை நினைவுகூர்ந்து, அதற்கு மேல் ஓரடியாவது உயர்த்துங்கள். மழைக்காலச் சாரலைத் தடுக்க வடக்கிலும் கிழக்கிலும் சாக்குப் படுதா கட்டலாம்.

மேலும் விவரம் வேண்டுவோர் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். பங்குனிக்குள் பரண் முடிந்துவிட்டால், ஐப்பசி மழையில் உங்கள் ஆடுகள் காய்ந்த தளத்தில் படுத்திருக்கும்.