மேலிருந்து காணும் உப்பு ஏரி

கொல்கத்தாவின் கிழக்கே பிதான்நகர் என்னும் பகுதி உள்ளது. மக்கள் அதனைச் ‘சால்ட் லேக்’, அதாவது உப்பு ஏரி என்றே அழைக்கின்றனர். அதன் தெருக்களில் நடப்பவருக்கு ஏரி தென்படாது. ஆனால் வானிலிருந்து எடுத்த படத்தில், ஒழுங்கான தெருக்களுக்குத் தென்கிழக்கே எண்ணற்ற குளங்கள் தோன்றும். ஒருகாலத்தில் இப்பகுதி முழுவதும் அவ்வாறே நீர் பரந்த சதுப்பு நிலமாக இருந்தது.

நாட்டுப் பிரிவினைக்குப்பின் கொல்கத்தாவில் மக்கள்தொகை பெருகியது. ஆகவே, முதலமைச்சர் பிதான் சந்திர ராய் புதியதொரு நகரை அமைக்க விரும்பினார். 1962-இல் பணி தொடங்கியது. ஹூக்ளி ஆற்றின் அடியிலிருந்து அள்ளிய வண்டல், நீருடன் கலக்கப்பட்டுக் குழாய்கள் வழியே சதுப்பு நிலத்திற்குச் செலுத்தப்பட்டது. நீர் வடிந்தது, வண்டல் படிந்து நிலமாயிற்று. யுகோஸ்லாவிய நாட்டுக் கட்டடக் கலைஞர் டோப்ரிவோயே டோஷ்கோவிச் நகரின் வரைபடத்தை அமைத்தார்.

இத்தகைய மாற்றங்களை ஆராய வான்படங்கள் உதவுகின்றன. விமானம் நேர்கோட்டில் பறந்து, ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் அமையுமாறு படமெடுக்கும். அவ்விரு படங்களையும் கருவியின் துணையால் ஒருங்கே நோக்கினால் மேடு பள்ளம் புலப்படும். செயற்கைக்கோள்களோ ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் படமெடுக்கின்றன. 1988-இல் இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது.

அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தும் படங்களில் நீர் கருமையாகவும் செடிகொடிகள் சிவப்பாகவும் காட்டப்படுவது வழக்கம். ஆயினும், ஆகாயத்தாமரை மூடிய குளமும் சிவப்பாகவே தோன்றும். அதனை நிலமெனப் பிழையாகக் கருதவும் கூடும். எனவே ஆய்வாளர் நேரிற் சென்று சரிபார்ப்பது இன்றியமையாதது.

எஞ்சிய குளங்களின் பயனும் நேரிற் சென்றோராலேயே விளங்கியது. கொல்கத்தாவின் நிலம் ஆற்றங்கரையிலிருந்து கிழக்கே சரிகிறது. ஆதலின் நகரின் கழிவுநீர் இக்குளங்களை நோக்கிச் செல்கிறது. அங்கே வெயிலும் பாசியும் நுண்ணுயிர்களும் அதனைத் தூய்மையாக்குகின்றன. மீன்கள் அதில் விளையும் நுண்ணுயிரிகளை உண்டு வளர்கின்றன. மீனவர் தலைமுறைகளாக அறிந்திருந்த இம்முறையைப் பொறியாளர் துருவஜோதி கோஷ் ஆராய்ந்து உலகறியச் செய்தார். 2002-இல் ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2006-இல் அதனைக் காக்கத் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் 2022-இல் அப்பட்டியலில் சேர்ந்தது. அதன் பரப்பும் முன்பிருந்ததினும் மிகச் சுருங்கிவிட்டது.

ஒரு குளம் தூர்க்கப்படும்போது வீடு கட்ட இடம் கிடைக்கிறது. அதே வேளையில் கழிவுநீரைத் தூய்மையாக்கும் இடமும் மீனவர் வாழ்வும் குறைகின்றன. ஒரே படத்தைக் காண்போர்க்குப் புதிய நிலம் மட்டுமே தெரியும். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களை அருகருகே வைத்துக் காண்போர்க்கே, அந்நிலத்திற்காக இழந்த நீரும் தெரியும்.

சொற்பொருள்
வண்டல் – நீர் அடித்துவந்து படியும் மண்
சதுப்பு நிலம் – நீர் தேங்கிய சேற்று நிலம்
தூர்த்தல் – மண்ணிட்டு நிரப்புதல்