கல்லில் நிற்கும் பெயர்

பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரராகிய வீரபாண்டியக் கட்டபொம்மன் திருச்செந்தூர் முருகனிடத்துப் பேரன்பு பூண்டவர். செந்திலாண்டவனுக்கு உச்சிக்கால வழிபாடு நிகழ்ந்த பின்னரே அவர் உணவு கொள்வார் என்பர். அச்செய்தியை உடனுக்குடன் அறியும் பொருட்டுத் திருச்செந்தூர் முதல் பாஞ்சாலங்குறிச்சி வரையில் இடையிடையே மண்டபங்கள் எழுப்பி, அவற்றில் மணிகள் கட்டியிருந்தார் என்றும், ஒரு மணியின் ஓசை கேட்டு அடுத்த மணி ஒலிக்கும் என்றும் மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

அம்மணியோசை அடங்கி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அது சென்று சேர்ந்த பாஞ்சாலங்குறிச்சியில் இன்று பழைய போரை நினைவூட்டுவன இரண்டு. ஒன்று, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையின் எச்சம். மற்றொன்று, அக்கோட்டையைத் தாக்க வந்து மாண்ட ஆங்கிலப் படைவீரரின் கல்லறைகள். வென்றவர்க்குக் கல்லறையும் தோற்றவர்க்கு வெறுமண்ணும் எஞ்சிய அவ்விடத்தே நிற்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழும். போரில் உயிர் நீத்தவருள் யாருடைய பெயர் கல்லில் நிற்கிறது? யாருடைய பெயர் காற்றில் கரைகிறது?

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் எடுப்பது தமிழர்க்குப் புதியதன்று. தக்க கல்லைத் தேர்ந்து காண்டல், அதனைக் கொணர்தல், நீராட்டுதல், நடுதல், அதற்குச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என நடுகல் வழிபாட்டின் படிகளைத் தொல்காப்பியம் முறையாக வகுத்துக் கூறுகிறது. வீரனுடைய பெயரும் பெருமையும் அக்கல்லில் பொறிக்கப்பெற்றன. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் சில நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் உள்ள எழுத்து தமிழ்ப் பிராமி ஆகும். கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை அவை என்பது அறிஞர் கருத்து. கூடலூரில் நிகழ்ந்த ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுடைய பெயர் அக்கற்களுள் ஒன்றில் உள்ளது. அவன் முடிமன்னன் அல்லன். எனினும் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அவன் பெயர் அழியாமல் நிற்கிறது.

பாஞ்சாலங்குறிச்சியில் நிகழ்ந்தது வேறு. 1799ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் தலைமையில் கும்பினிப் படை அக்கோட்டையைத் தாக்கியது. மண்ணால் அமைந்த கோட்டைதானே என்று எண்ணி வந்த படை, உள்ளே நுழைய இயலாமல் பின்வாங்கியது. அதிகாரிகள் சிலரும் வீரர் பலரும் மாண்டனர். பின்னர்க் கோட்டையை விட்டு அகன்ற கட்டபொம்மன் பிடிபட்டார். அவர் அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் இடிக்கப்பட்டது.

போர் அத்துடன் முடிந்துவிடவில்லை. பாளையங்கோட்டைச் சிறையிலிருந்த கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தப்பினார். இடிந்த கோட்டை சில நாளிலேயே மீண்டும் எழுந்தது. மார்ச்சுத் திங்கள் இறுதியில் அதனைத் தாக்கிய கும்பினிப் படை பேரிழப்புடன் மீண்டது. மேலும் துணைப்படைகள் வந்து சேர்ந்த பின்னரே, மேத் திங்கள் 24ஆம் நாள் கர்னல் அக்னியு தலைமையில் கோட்டை பிடிக்கப்பட்டது. அப்போரில் கலந்துகொண்ட வெல்சு என்னும் ஆங்கில அதிகாரி, பிற்காலத்தில் தாம் எழுதிய நூலில் பகைவராகிய ஊமைத்துரையின் பண்பையும், மக்கள் அவரிடம் கொண்டிருந்த பற்றையும் வியந்து போற்றியுள்ளார்.

இப்போர்களில் இறந்த ஆங்கிலேயரை அவர்தம் தோழர் அங்கேயே அடக்கம் செய்து கல்லறை கட்டினர். தாய்நாட்டிலிருந்து பல்லாயிரம் மைல் கடந்து வந்த இளைஞர்க்கு, மண்ணும் மொழியும் அறியாத ஊரில் அக்கற்களே உறவாயின. ஆயினும் கற்கள் எல்லார்க்கும் கிடைத்துவிடவில்லை. பெயர் பொறித்த கல் பெரும்பாலும் அதிகாரிகளுக்கே உரியதாயிற்று. கும்பினிப் படையில் சிப்பாய்களாகச் சேர்ந்து போரிட்டு மாண்ட இந்நாட்டவருள் பெரும்பாலார்க்கு அப்பேறு வாய்க்கவில்லை. கோட்டையைக் காத்து மடிந்தவர்க்கோ கல் எடுக்க அன்று எவரும் இல்லை. அவர்களைக் காத்தவை நாட்டுப்புறக் கதைப்பாடல்களே. கற்றச்சன் செய்யாததை ஊர்ப் பாடகன் செய்தான். பிற்காலத்தில் பேராசிரியர் நா. வானமாமலை அக்கதைப்பாடலை ஆராய்ந்து பதிப்பித்தார். 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை ஒன்றை எழுப்பியது.

அதிகாரிக்குக் கல், வீரனுக்குப் பொதுக்குழி என்னும் வழக்கம் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் இருந்ததே. முதல் உலகப்போர் அதனை மாற்றியது. 1914ஆம் ஆண்டில் செஞ்சிலுவைத் தொண்டராகப் பிரான்சுக்குச் சென்ற பேபியன் வேர் என்பவர், புதைகுழிகள் அடையாளமின்றிக் கிடப்பது கண்டு வருந்தினார். ஒவ்வொரு குழியையும் குறித்துவைக்கும் பணியைத் தொடங்கினார். அப்பணி வளர்ந்து, 1917ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையமாக உருப்பெற்றது. 1960இல் அது காமன்வெல்த்துப் போர்க் கல்லறை ஆணையம் எனப் பெயர் மாறியது. பதவி, குலம், சமயம் என்னும் வேறுபாடின்றி, இறந்த ஒவ்வொருவர் பெயரும் கல்லறையிலோ நினைவுச் சின்னத்திலோ பொறிக்கப்பட வேண்டும் என்பதே அவ்வாணையத்தின் கொள்கை. படைத்தலைவனுக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே அளவான கல்லே நடப்படும்.

இக்கொள்கை தமிழகத்தில் வடிவம் பெற்ற இடம் சென்னை நந்தம்பாக்கத்தை அடுத்துள்ள போர்க் கல்லறைத் தோட்டம் ஆகும். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளிலும் பாளையக் கல்லறைகளிலும் இரண்டாம் உலகப்போர் வீரர் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். அவற்றை என்றென்றும் பேண வழியில்லாமையால், அவர்தம் எச்சங்களை ஓரிடத்தே கொணர்ந்து காக்க 1952ஆம் ஆண்டில் இத்தோட்டம் அமைக்கப்பட்டது. எண்ணூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் இங்கே துயில்கின்றனர். முதல் உலகப்போர்க் காலத்தில் இறந்து, பேண இயலாத இடங்களில் அடக்கமான ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கும் இங்கு நினைவுச் சின்னம் உண்டு. பசும்புல் பரப்பின்மீது வரிசை வரிசையாக நிற்கும் கற்களில் பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள் முதலியன காணப்படும். இருபது வயதுகூட நிரம்பாதவரும் போரில் மடிந்துள்ளனர் என்பதை உணரும்போது நெஞ்சம் நெகிழும்.

இறந்தோரை எரியூட்டும் சமயத்தார்க்குக் கல்லறை ஏது? அவர்க்கும் வழி காணப்பட்டது. நாகாலாந்தில் உள்ள கோகிமா போர்க் கல்லறையில் 1,420 கல்லறைகள் உள்ளன. அவற்றோடு, தத்தம் சமய முறைப்படி எரியூட்டப்பெற்ற 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர் தாங்கிய சின்னமும் அங்கே உண்டு. பிரான்சு நாட்டு நூவ் சப்பேல் என்னுமிடத்தில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சின்னம், கல்லறை அறியப்படாத 4,700க்கு மேற்பட்ட இந்தியரை நினைவுகூர்கிறது.

எனினும் கொள்கை ஒன்று, நடைமுறை ஒன்று என்று ஆனதும் உண்டு. ஐரோப்பாவில் மாண்டவர்க்குக் காட்டிய நேர்மை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் காட்டப்படவில்லை. முதல் உலகப்போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர் முதலியோருள் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமின்றி நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேரின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை என்றும் 2021ஆம் ஆண்டில் ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஆணையம் அதற்காக மன்னிப்பும் கேட்டது. நூறாண்டு கழிந்தும் ஒரு பிழை பிழையே. அதனை மறையாது உரைத்தலே திருத்தத்தின் முதற்படி.

விடுதலை பெற்ற பாரதம் தன் வீரர்க்கெனப் புதுதில்லியில் தேசியப் போர் நினைவகத்தை எழுப்பியுள்ளது. 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட அதில், 1947க்குப் பின் நாடு காக்க உயிர் ஈந்த 25,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் கருங்கல்லில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே உயர்ந்த அதிகாரியும் எளிய வீரனும் அருகருகே நிற்கின்றனர்.

பாஞ்சாலங்குறிச்சிக் கல்லறைகளைப் பகைவருடையவை என்று வெறுப்பதற்கில்லை. அங்குக் கிடப்பவரும் ஒரு தாயின் மக்களே. அவர்க்குக் கல் நின்றமை குற்றமன்று. ஏனையோர்க்குக் கல் நில்லாமையே குறை. நம் முன்னோர் ஆநிரை காத்த எளியவனுக்கும் கல் நட்டனர். ஒருவன் பெயரை மறவாதிருத்தல் அவனுக்கு நாம் செலுத்தும் இறுதிக் கடன். அக்கடனைச் செலுத்துவதில் வென்றவர் தோற்றவர், உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்னும் வேறுபாடு இருத்தல் ஆகாது.