வான்கோழி சுவைபெற

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை நன்றியறிதல் நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. 1863-ஆம் ஆண்டில் லிங்கன் விடுத்த அறிவிப்பால் நாடு தழுவிய திருநாளாகி, 1941-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த வியாழன் உறுதியாயிற்று. அன்றைய விருந்தில் தலைமை இடம் வான்கோழிக்கே. வட அமெரிக்க மண்ணுக்கு உரிய இப்பறவைக்கு ஆங்கிலேயர் துருக்கியின் பெயரையும் பிரெஞ்சுக்காரர் இந்தியாவின் பெயரையும் சூட்டியது ஒரு வேடிக்கை.

பள்ளியில் இவ்விருந்தைப் பற்றிக் கேட்டுவரும் நம் பிள்ளைகள் "நம் வீட்டில் ஏன் இல்லை?" என்று வினவுவதும், பெற்றோர் மனமிரங்கி ஒன்றை வாங்கிவருவதும், மாலையில் அது வைக்கோல்போல் வறண்டு மேசைமேல் கிடக்க அனைவரும் பிரியாணியை நோக்கிக் கைநீட்டுவதும் பல இல்லங்களில் நிகழ்வனவே. கோழிக்குழம்பு வைக்கும் முறையை அப்படியே இதற்கும் பொருத்துவதால் விளையும் குறை இது.

குழம்பில் கோழி சிறு துண்டுகளாகிறது. உப்பும் காரமும் சாற்றோடு ஒவ்வொரு துண்டையும் சூழ்கின்றன. வான்கோழியோ முழுதாக வேகுவது. அதன் நெஞ்சுக்கறி மிகத் தடித்தது. மேலே பூசிய மசாலாவின் மணம் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். உப்பு மட்டுமே ஆழ ஊடுருவும், அதுவும் மெல்ல மெல்ல. உப்பேறிய தசை வேகும்போது தன் ஈரத்தை எளிதில் இழப்பதில்லை. ஆதலால் சமைப்பதற்கு இரண்டு நாள் முன்னரே உப்பிடுதல் வேண்டும். இவ்வொன்றைச் செய்தாலே பாதி வெற்றி.

வாங்கும்போது ஒருவருக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பவுண்டு எனக் கணக்கிடுக. மிகப் பெரிய பறவையில் தொடை வேகுவதற்குள் நெஞ்சு வறண்டுவிடும். விருந்தினர் பலராயின் 12 பவுண்டில் இரண்டு வாங்குவது நன்று. மேலுறையை ஊன்றிப் படித்தல் வேண்டும். சில பறவைகளுக்கு உப்புநீரை ஊசிவழி ஏற்றியிருப்பர்; அதன் விழுக்காடு உறையில் இருக்கும். அவற்றுக்கும், யூதர் முறையில் பக்குவப்படுத்தியவற்றுக்கும் மீண்டும் உப்பிடலாகாது. "ஹார்மோன் சேர்க்காதது" என்னும் சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டா. கோழியினம் எதற்கும் அதனைத் தர இந்நாட்டில் அனுமதியில்லை. கடைகளில் காண்பன பெரும்பாலும் அகன்ற நெஞ்சுடைய வெள்ளை இனம். நரகான்செட், போர்பன் ரெட் முதலிய பழைய இனங்கள் மெல்ல வளர்வன; விலை மிகுதி, சுவையும் மிகுதி. நாட்டுக்கோழிக்கும் பிராய்லருக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

உறைந்த பறவை குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளக, நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். வியாழன் விருந்துக்குச் சனியன்றே எடுத்து வைத்தால் செவ்வாயன்று உப்பிடலாம். சமையல் மேடைமேல் வைத்து இளகவிடுதல் தீது. உள்ளே பனிக்கட்டியாக இருக்கையிலேயே வெளிப்புறத்தில் கிருமிகள் பெருகத் தொடங்கும்.

இங்கே நம் தாய்மார்க்கு ஒரு வேண்டுகோள். மஞ்சளிட்டுப் பலமுறை கழுவும் வழக்கத்தை இதில் விட்டுவிடுங்கள். தெறிக்கும் நீர், சால்மொனெல்லா கிருமியை அருகிலுள்ள காய்கறிமீது சேர்க்கும். அமெரிக்க வேளாண்மைத் துறையும் கழுவ வேண்டா என்றே கூறுகிறது. கிருமியைக் கொல்வது வெப்பமே. வயிற்றிலும் கழுத்துப் பகுதியிலும் வைத்திருக்கும் கழுத்து, ஈரல் முதலியவற்றை மறவாது வெளியே எடுத்து, காகிதத் துண்டால் ஈரம் போக ஒற்றி, 12 பவுண்டுக்கு 2 மேசைக்கரண்டித் தூளுப்பை உள்ளும் புறமும் தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும். மஞ்சள் வேண்டுமாயின் உப்போடு சேர்த்துக்கொள்ளலாம்.

நம் மசாலாவுக்கும் இடமுண்டு. இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம் ஆகியவற்றை அரைத்து வெண்ணெயில் குழைத்து, நெஞ்சுத் தோலைக் கிழியாமல் மெல்ல நெகிழ்த்தி அதனடியில் பூசுக. மிளகாய்த்தூளைத் தோலின்மேல் தூவினால் மூன்று மணி நேரத்தில் கருகிக் கசக்கும்.

ஓவன் அடுப்பின் வெப்பம் 325 பாரன்ஹீட் இருக்கட்டும். உள்ளே எதுவும் திணிக்காத 12 முதல் 14 பவுண்டுப் பறவைக்கு 3 முதல் 3¾ மணி நேரம் பிடிக்கும். ஆயினும் கடிகாரத்தை நம்பற்க. சில டாலருக்குக் கிடைக்கும் இறைச்சி வெப்பமானியை நெஞ்சிலும் தொடையிலும் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் செருகிப் பாருங்கள். இரண்டிலும் 165 பாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ், காட்டியதும் எடுத்துவிட வேண்டும். நெஞ்சு முன்னரே சிவந்துவிட்டால் அலுமினியத் தாளால் மூடலாம். எடுத்தவுடன் வெட்டினால் சாறெல்லாம் பலகையில் வழிந்தோடும். பிள்ளைகள் எவ்வளவு அவசரப்படுத்தினும் அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அதற்குள் தட்டில் வடிந்த சாற்றோடு வதக்கிய வெங்காயமும் மிளகும் சிறிது தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கொதிக்கவிட்டால், கடையில் விற்கும் குழம்புப் பொடி தேவைப்படாது.

எஞ்சிய கறியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் சேர்த்து, நான்கு நாளுக்குள் உண்டு முடிக்க வேண்டும். எலும்புகளை எறிந்துவிடாதீர்கள். மறுநாள் மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தால், நவம்பர்க் குளிருக்கு அதனினும் இதமான ரசம் வேறில்லை.