விதை போகும் வழி – 9: தண்ணீருக்குள் இரண்டு வாரம்

ஒடிசாவின் பத்ரக், பாலசோர் மாவட்டங்களில் ஆகஸ்ட், செப்டம்பரில் பைதரணியும் சுவர்ணரேகாவும் பெருகினால், நட்ட பயிர் நாள் கணக்கில் மூழ்கிக் கிடக்கும். அங்கே பலரும் விரும்பி நடுவது ஸ்வர்ணா. ஆந்திராவின் மாருட்டேரு ஆராய்ச்சி நிலையம் தந்த நெல். மகசூலில் குறை சொல்ல முடியாது. ஒரு வாரத்துக்கு மேல் மூழ்கினால்தான் தாங்காது.

மூழ்கிய பயிர் எப்படியாவது மேலே வந்துவிட வேண்டும் என்று அவசரமாக நீளும். சேர்த்துவைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்து, தண்ணீர் வடிவதற்குள் உயிர் போய்விடும். இதற்கான விடையும் ஒடிசா உழவர்கள் காலங்காலமாகக் காப்பாற்றிவந்த ஒரு நெல்லில்தான் இருந்தது. எஃப்.ஆர். 13ஏ என்ற பெயரில் அதை விஞ்ஞானிகள் அறிவார்கள். மூழ்கியதும் அது வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். இருக்கும் சத்தைச் செலவழிக்காமல் காத்திருக்கும். இந்தக் குணத்தைத் தரும் சப்1ஏ மரபணு பற்றிய ஆய்வு 2006-ல் வெளியானது. அந்தக் குணத்தை ஸ்வர்ணாவுக்குள் கொண்டுவந்து உருவாக்கிய ஸ்வர்ணா-சப்1, 2009-ல் இந்திய உழவர்களுக்கு வந்தது. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைக்கும்.

இதைச் சொல்லிக்கொடுப்பதுதான் கடினம். வெள்ளம் வராத வருடத்தில் இரண்டுக்கும் மகசூலில் வித்தியாசம் கிடையாது. செயல்விளக்கத் திடல் போட்டு, பலகை நட்டு, ஊரையே கூட்டினாலும் கண்ணுக்குத் தெரிவது பழைய ஸ்வர்ணாதான். வெள்ளம் வந்த வருடத்திலோ, தண்ணீர் வடிந்ததும் பயிர் பழுத்து, சேறு படிந்து, செத்ததுபோலத்தான் கிடக்கும். அனுபவமுள்ள விவசாயி உடனே உழுதுபோட்டு மறுநடவுக்கு நாற்று தேடுவார். சில நாள் விட்டுவைத்தால் புதுக்குருத்து வரும், அது தெரிந்த பிறகுதான் யூரியா போட வேண்டும் என்பது தெரியாதவருக்கு இந்த விதையால் பயனில்லை. பயிற்சியின் மையம் இந்தச் சில நாள்தான் என்று நான் நினைக்கிறேன். ஒரே போகத்தை நம்பிக் கடன் வாங்கியவரிடம் "பொறுங்கள்" என்று சொல்வது லேசில்லை. ஒருமுறை வந்து சொல்லிவிட்டுப் போகிற அதிகாரியைவிட, பக்கத்து வயலில் பொறுத்துப் பார்த்தவர் சொன்னால் எடுபடும்.

மன்சூர் தார், கைல் எமெரிக் ஆகிய ஆய்வாளர்கள் ஒடிசா கிராமங்களில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் இன்னொரு நெல்லைச் சிலரிடம் கொடுத்து நடச் சொல்லி, சில ஊர்களில் மட்டும் வயல் விழா நடத்தினார்கள். நட்டவரே ஊராருக்குத் தன் அனுபவத்தைச் சொன்னார். அந்த ஊர்களில் பின்னர் அந்த விதையை வாங்கியவர்கள் சுமார் 40 சதவீதம் அதிகம்.

விதை தானாகப் பரவிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்; இந்த வருட விளைச்சலையே அடுத்த வருடம் விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். கொடுப்பது யாருக்கு என்பதில்தான் சிக்கல். பத்ரக்கில் நடந்த ஆய்வில், கைமாற்றுக்கு விட்ட ஊர்களில் விதை உறவுக்காரர், சாதிக்காரர் வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் சுற்றியது. வீடு வீடாகக் கொண்டுபோய் விற்ற ஊர்களில் பல மடங்கு பேர் வாங்கினார்கள். இது மனதை உறுத்துகிற செய்தி. ஏனென்றால் அந்தப் பகுதியில் வெள்ளம் அதிகம் நிற்கும் பள்ளக்காடு பெரும்பாலும் பட்டியல் சாதி மக்களின் கையில் இருக்கிறது. 10 நாள் மூழ்கிய வயலில் ஸ்வர்ணாவைவிட 45 சதவீதம் கூடுதலாகத் தரும் விதை முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களிடம்தான். ஊர்ப் பெரியவர் நிலத்தில் மட்டும் திடல் போடும் பயிற்சி அந்தப் பள்ளத்துக்கு இறங்குவதே இல்லை.

விதை கிடைத்தவர்களிடம் இன்னொரு மாற்றமும் தெரிந்தது. வெள்ளம் வந்தாலும் எல்லாம் போய்விடாது என்ற தைரியத்தில் கூடுதலாக உரம் போட்டார்கள். விதைத்துவிட்டுப் போகாமல் நாற்று நட்டார்கள். சாகுபடிப் பரப்பையும் கூட்டினார்கள். வெள்ளமே வராத வருடத்திலும் அதன் பலன் களத்துமேட்டில் தெரிந்தது.

இனி நடக்க வேண்டியது விதைக்கலப்பைத் தடுப்பது. ஸ்வர்ணாவின் உமி பொன்பழுப்பு. ஸ்வர்ணா-சப்1-இன் உமி வைக்கோல் நிறம். அள்ளிப் பார்த்தே பிரித்துவிடலாம். இரண்டும் ஒரே குதிரில் விழுந்தால் சில போகத்தில் விதையின் குணமே நீர்த்துப்போகும்.

இதே சப்1 நம் டெல்டாவின் சம்பாப் பட்டத்துக்கும் வந்திருக்கிறது, சி.ஆர். 1009 ரகத்தின் வழியாக. திருவாரூர், நாகை விவசாயிகள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அடுத்த வாரம்.