வீட்டுக்குள் ஒரு வானொலி

வானொலியில் நல்லதொரு நிகழ்ச்சி தொடங்கும் நேரம் பார்த்துக் குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள்? அன்றைய நிகழ்ச்சி போனது போனதுதான். இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே ‘பொட்காஸ்ட்’.

இணையத்தில் புதியவற்றைத் தேடிப் போகாமலே நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் முறைக்கு ஆர்.எஸ்.எஸ். என்று பெயர். அதில் ஒலிப்பதிவுகளையும் சேர்த்தனுப்ப அமெரிக்கரான டேவ் வைனர் 2001ஆம் ஆண்டளவில் வழி செய்தார். 2003இல் வானொலியாளர் கிறிஸ்டோபர் லைடனின் நேர்காணல்கள் இம்முறையில் வெளிவந்தன. 2004இல் பென் ஹேமர்ஸ்லி ‘கார்டியன்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் இப்பெயர் இடம்பெற்றது. ஐபொட் கருவியின் பெயரும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் கலந்து பிறந்த பெயர் இது.

அதே ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்துத் தம்பதியர் இருவர் தமது பண்ணை வீட்டிலிருந்தே பேசி ஒலிபரப்பினர். கோபுரமும் வேண்டியிருக்கவில்லை, அனுமதிப் பத்திரமும் வேண்டியிருக்கவில்லை. 2005 ஜூனில் அப்பிள் நிறுவனம் தனது ஐடியூன்ஸில் இதைச் சேர்த்தது. இரண்டே நாட்களில் 10 இலட்சத்துக்கும் அதிகமான சந்தாக்கள் பதிவாயின.

யாரும் பேசலாம் என்பதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. தணிக்கை செய்ய அங்கே ஆசிரியர் இல்லை. எனவே, பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் நீங்கள் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் உம்மம்மா சொல்லும் பழங்கதைகளைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறீர்களா? உலகுக்கு ஒலிபரப்ப வேண்டியதில்லை; பேரப்பிள்ளைகள் கேட்டால் போதும். அவர் குரல் இருக்கும்போதே பதிந்துவிடுங்கள்.