வெற்று சேர்வரின் எல்லை யார் கையில்?

பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் ஊடாக மகாவலி ஓடுகிறது. பொறியியற் பீடம் ஒரு கரையில், கலைப் பீடமும் செனற் கட்டடமும் மறுகரையில். இப்படிப்பட்ட வளாகத்தில் இரு கரைகளிலும் உள்ள சேர்வர்களை ஓர் ஆய்வுக் குழுவுக்கு மட்டுமான தனி வலையமைப்பாக்க வேண்டுமென்றால், கேபிளைத் தொடாமல் மென்பொருளாலேயே அதைச் செய்வதுதான் மென்பொருள்வழி வலையமைப்பு. மெய்நிகர் இயந்திரங்களுக்கு இது பழகிய வேலை. இடையில் எதுவுமின்றி, வன்பொருளில் நேரடியாக லினக்ஸ் ஓடும் ‘பேர் மெட்டல்’ சேர்வரை இதில் சேர்க்கும்போதுதான் சிக்கல். அதைத் தொழில்நுட்பச் சிக்கலாகவே பலர் பார்க்கிறார்கள். உண்மையில் அது அதிகாரம் பற்றிய கேள்வி: அந்த சேர்வரில் எதையும் மாற்றக்கூடிய ரூட் உரிமை யாருக்கு?

மெய்நிகர் இயந்திரத்துக்கு வெளியே, அதை இயக்கும் ஹைப்பர்வைசரில், ஒரு மென்பொருள் சுவிட்ச் இருக்கிறது. 2012இல் லினக்ஸ் கர்னல் 3.3உடன் சேர்ந்த ‘ஓப்பன் விசுவிட்ச்’ அத்தகையது. உள்ளே இருப்பவர் ரூட் ஆனாலும் அந்த சுவிட்சைத் தொட முடியாது. பொட்டலங்களை உறையிட்டு வேறோர் இடத்துக்கு அனுப்பும் விஎக்ஸ்லேன் முறையும் (2014இல் ஆர்எஃப்சி 7348 ஆக வெளியானது) அங்கேயே நடக்கிறது. பேர் மெட்டலில் அந்த வெளி ஆள் இல்லை. கர்னல் 3.7 முதல் லினக்ஸே விஎக்ஸ்லேன் உறையை இடும். எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருளைச் சேர்த்தால் இவிபிஎன் வழியாக எந்த முகவரி எங்கே இருக்கிறது என்பதையும் அறிந்துகொள்ளும். ஆனால் அதற்கு அடித்தள வலையமைப்பையே சேர்வருக்குத் திறந்துவிட வேண்டும். ரூட் உள்ளவர் ஒரே கட்டளையில் இன்னொரு குழுவின் விஎக்ஸ்லேன் எண்ணைப் போட்டுப் பொட்டலம் அனுப்பலாம். கைதியிடமே சிறைச்சாலையின் சாவியைக் கொடுப்பது போன்றது இது.

ஆகவே ரூட் உரிமையை மாணவருக்கோ வெளி ஆய்வாளருக்கோ கொடுக்கும் சேர்வரில், உறையிடும் வேலை ராக்கின் சுவிட்சில் நடக்க வேண்டும். எந்தப் போர்ட் எந்த வலையமைப்புக்கு உரியது என்று சுவிட்ச் தீர்மானித்தால், சேர்வரில் என்ன மாற்றினாலும் எல்லை நகராது. அமேசான் 2017இல் பேர் மெட்டல் சேர்வர்களை வாடகைக்கு விட்டபோது வந்த முடிவும் இத்தகையதே. வாடிக்கையாளர் கைக்கு எட்டாத ‘நைட்ரோ’ அட்டையில் வலையமைப்பை வைத்தது. மாறாக, சேர்வரை நடத்துபவரும் வலையமைப்பை நடத்துபவரும் ஒரே கணினி மையமாக இருந்தால், லினக்ஸிலேயே உறையிடுவதில் தவறில்லை.

விஎக்ஸ்லேன் தெரிந்த சுவிட்சுக்குக் காசு எங்கே என்று கேட்பார்கள். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிய நாட்டில் அது நியாயமான கேள்வி. ஆனால் எல்லா ராக்குக்கும் அது தேவையில்லை. ரூட் வெளியாருக்குப் போகும் சேர்வர்களை ஒரே ராக்கில் சேர்த்தால் ஓரிரு சுவிட்சுகள் போதும். சுவிட்சுகளை எண்களால் தனித்தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் பழைய விலேனே போதாதா என்றும் கேட்கலாம். விலேனில் 4,094 எண்கள், விஎக்ஸ்லேனில் ஒரு கோடியே 67 இலட்சம் என்பது பெரிய காரணமல்ல. ஒரு வளாகத்துக்கு அத்தனை தேவைப்படாது. ரவுட்டர்களைத் தாண்டி விலேனை இழுத்தால் ஒரு மூலையில் விழும் லூப் இரு கரைகளையும் முடக்கும் என்பதே காரணம். எல்லாவற்றையும் மெய்நிகர் இயந்திரமாக்கிவிடலாமே என்போருக்கு: கர்னலையே மாற்றிப் பார்க்கும் ஆய்வுக்கும், வேகத்தைத் துல்லியமாக அளக்கும் பரிசோதனைக்கும் இடையில் இன்னொரு மென்பொருள் நிற்கக் கூடாது.

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு விடயங்களில் கவனம் தேவை. உறை 50 பைட் கூட்டுகிறது. அடித்தளத்தின் எம்டியூ, அதாவது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, 1,500இலேயே நின்றால் பிங் போகும், பெரிய கோப்பு நடுவில் தொங்கும். அடித்தளத்தை உயர்த்த வேண்டும், இல்லையேல் சேர்வரில் 1,450 என வைக்க வேண்டும். அடுத்து, விஎக்ஸ்லேன் எதையும் மறைகுறியாக்குவதில்லை. வளாகத்தைத் தாண்டிக் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நீட்டினால் ஐபிசெக் அல்லது வயர்கார்ட் அவசியம். சுவிட்ச் வாங்கும் கேள்விப்பத்திரத்தை எழுதுமுன், ஒவ்வொரு சேர்வரிலும் ரூட் யாரிடம் என்ற பட்டியலை எழுதுவதே முதல் வேலை. எத்தனை சுவிட்ச் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.